கதாபாத்திரத்தின் கையில் ஒரு நாவலைக் கொடுப்பது எப்படி

உங்கள் கதையில் ஒருவர் பழைய நாவலொன்றில் மூழ்கி, அதன் நாயகனாகவே தன்னை நினைத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். பலரும் சறுக்குவது, அந்த நாவலின் கதைச்சுருக்கத்தை இரண்டு பக்கத்துக்கு இழுப்பதில்தான். மூன்று நான்கு வரி போதும். வாசகருக்கு வேண்டியது அந்த நாவல் அல்ல, அது இவரை என்ன செய்கிறது என்பதே.

ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸின் ‘டான் குயிக்ஸாட்’, வீரசாகச நூல்களைப் படித்துப் படித்துத் தன்னையே அப்படியொரு வீரனாக நினைத்துக்கொள்ளும் குயிக்ஸாட் என்பவரின் கதை. அதன் முதல் பாகத்தில் (1605) 32ஆம் அத்தியாயத்தைப் பிரித்துப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் சத்திரத்தில் கூடும் கூலியாட்களில் எழுத்து தெரிந்த ஒருவர் வீரசாகச நூலை வாசிக்க, முப்பது பேருக்கு மேல் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். சத்திரக்காரனுக்கு அதில் வெட்டுக்குத்துதான் பிடிக்கும். வேலைக்காரிக்கு ஆரஞ்சு மரத்தடித் தழுவல்கள். மகளோ, காதலியைப் பிரிந்த வீரர்கள் புலம்பும்போது அழுதேவிடுவாள். சத்திரக்காரிக்கும் அந்த நேரம் பிடிக்கும். புருஷன் வாசிப்பில் லயித்திருக்கும்போதுதான் வீட்டில் சண்டை இருக்காது! ஒரே புத்தகம், நான்கு ஆட்கள், ஒரு பக்கம்கூட ஆகவில்லை.

ஆகவே, முதலில் உங்கள் ஆளுக்கு வாழ்க்கையில் எது கிடைக்கவில்லை என்று முடிவு செய்யுங்கள். நாயகனிடமிருந்து அவர் எடுத்துக்கொள்வது அதுவாக இருக்கட்டும். நாயகனின் ஒன்றிரண்டு செயல்களை மட்டும் அவர் பின்பற்றட்டும். முழு வாழ்க்கையையும் நகலெடுத்தால் அடுத்து என்ன வரும் என்று வாசகருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பின்பற்றுவது பொருந்தாமல் இடிக்கவும் வேண்டும். குயிக்ஸாட் படித்த வீரசாகச நூலொன்றின் நாயகன் அமாதிஸ். காதலி வெறுத்து ஒதுக்கியதால் அவன் தவமிருந்தான். குயிக்ஸாட்டை எவளும் ஒதுக்கவில்லை. ஆனாலும் மலையேறித் தவம் செய்கிறார். காரணமில்லாமல் பைத்தியமாவதுதான் பெருமை என்று வாதம் வேறு! ஜெபமாலை இல்லாததால் சட்டை வாலைக் கிழித்துப் பதினோரு முடிச்சு போடுகிறார். இப்படிக் கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருள் இருந்தால் நீண்ட மனவோட்டம் தேவைப்படாது.

பக்கத்தில் அந்த நூலைப் படிக்காத ஒருவரும் வேண்டும். குயிக்ஸாட்டின் உதவியாளாகக் கூடவே வரும் சாஞ்சோவுக்கு எழுதப் படிக்கவே தெரியாது. வாசகர் கேட்க நினைப்பதையெல்லாம் அவனே கேட்டுவிடுகிறான்.

கதையைப் படித்தவர்களை எதிர்ப்பக்கத்தில் நிறுத்துங்கள். இரண்டாம் பாகத்தில் (1615) வரும் பிரபுவும் அவர் மனைவியும், குயிக்ஸாட்டின் கதையைச் சொல்லும் முதல் பாகத்தையே புத்தகமாகப் படித்தவர்கள். குயிக்ஸாட் எதற்கு மயங்குவார் என்று தெரிந்துவைத்துக்கொண்டே பொறி வைக்கிறார்கள்.