யூகான் ஆத்துல கைடோட கேனோ ட்ரிப்பா? பல பேரு பண்ற தப்பு இதெல்லாம்

கனடாவோட வடமேற்குக் கோடில, யூகான் ஆத்துல ஒயிட்ஹார்ஸ்ல ஏறி டாசன் சிட்டி வரைக்கும் சுமார் 700 கிலோமீட்டர் துடுப்புப் போட்டே போற ட்ரிப்புக்கு பிளான் பண்றவங்க முக்காவாசி பேரு மொதல்ல கேக்கறது "அந்த ஃபைவ் ஃபிங்கர் ரேப்பிட்ஸ்ல (பாறைக்கு நடுவுல தண்ணி வேகமாப் பாயற எடம்) கவுந்துருவோமா?"ன்னுதான். ஆனா கவலப்பட வேண்டிய எடம் அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துடுது, அத யாரும் கண்டுக்கறதில்ல.

கெளம்புன கொஞ்ச தூரத்துலயே லேக் லபார்ஜ் வரும், 50 கிலோமீட்டர் நீளம். காலைல பாத்தா கண்ணாடி மாதிரி கெடக்கும், உடனே "கரைய ஒட்டி சுத்திக்கிட்டு எதுக்கு, நேரா நடுவுல வெட்டிப் போயிரலாமே"ன்னு கைடு கிட்ட நச்சரிக்க ஆரம்பிச்சுருவாங்க. அங்க மத்தியானத்துல காத்து கெளம்புச்சுன்னா அலை எழும்பறதுக்கு ரொம்ப நேரம் ஆகாது, ஓப்பன் கேனோக்குள்ள தண்ணி அடிச்சா கதை முடிஞ்சுது. 1901 அக்டோபர்ல ஏ.ஜே. கோடார்ட்னு ஒரு ஸ்டீம் போட்டே இந்த ஏரில புயல்ல முழுகி அஞ்சு பேர்ல மூணு பேரு செத்துப் போனாங்க, போட்டயே 2008லதான் கண்டுபிடிச்சாங்க. ஸ்டீம் போட்டுக்கே அந்த கதின்னா நம்ம கேனோ எம்மாத்திரம்? கரைய விட்டு விலகாதீங்க, காலைலயே கெளம்பிருங்க, இல்லன்னா சாயந்திரம் காத்து அடங்குனப்புறம் போங்க. ஜூன், ஜூலைல ராத்திரிலயும் வெளிச்சம் இருக்கும், கைடு காலைல நாலு மணிக்கு எழுப்புனா மூஞ்சத் தூக்கி வெச்சுக்காதீங்க. லீவு கெடச்சுதுன்னு மே மாசம் புக் பண்றதும் வேணாம், ஏரில ஐஸ் உருகி முடிய பல வருஷம் ஜூன் ஆயிரும்.

அடுத்தது குளிர்ந்த தண்ணி. வெயில் நல்லா அடிக்குதுன்னு லைஃப் ஜாக்கெட்டக் கழட்டி சீட்டுக்கு அடில போடறது, இல்ல பட்டன் போடாம சும்மா தோள்ல மாட்டிக்கறது, இதத்தான் அதிகமாப் பாக்கலாம். குளிர் தண்ணில விழுந்தா 1-10-1னு ஒரு கணக்கு சொல்லுவாங்க: மூச்சுத் திணறல அடக்க ஒரு நிமிஷம், கை கால் சொன்னபடி கேக்கறது பத்து நிமிஷம், உடம்பு சில்லிட்டு நெனவு போறதுக்கு சுமாரா ஒரு மணி நேரம். நீச்சல்ல புலியா இருந்தாலும் அந்த மொத நிமிஷத்துல தண்ணியக் குடிச்சுருவீங்க, ஜாக்கெட் இருந்தாத்தான் அந்த நிமிஷம் தாண்டும். ஜீன்ஸும் காட்டன் டீஷர்ட்டும் வேணவே வேணாம், நனைஞ்சா காயாது, உடம்புச் சூட்ட உறிஞ்சிரும். கம்பளி இல்ல சிந்தெடிக் துணியா எடுத்துக்கிட்டு ஒரு செட்ட தண்ணி புகாத டிரை பேக்ல தனியா கட்டி வைங்க.

இப்ப ஃபைவ் ஃபிங்கருக்கு வருவோம். நாலு பாறைத் தீவு ஆத்த அஞ்சு வழியாப் பிரிக்குது, நீங்க போக வேண்டியது வலது கடைசி வழி, அவ்வளவுதான், சட்டுனு முடிஞ்சுரும். பயத்துல துடுப்ப விட்டுட்டு ரெண்டு கையாலயும் கேனோ விளிம்ப பிடிச்சுக்கறதுதான் அங்க கவுக்கறதே. முட்டி போட்டு உக்காந்து துடுப்ப தண்ணிலயே வெச்சுருங்க. கவுந்துட்டா கேனோவுக்கு மேல்பக்கம், அதாவது தண்ணி வர்ற பக்கமா இருங்க, வேகமான தண்ணில எந்திரிச்சு நிக்க மட்டும் பாக்காதீங்க, கால் பாறைல மாட்டிக்கும்.

"அதான் கைடு இருக்காரே"ங்கற நெனப்புதான் எல்லாத்துக்கும் மூலம்னு எனக்குத் தோணுது. 1898ல தங்கம் தேடி 7,000க்கு மேல படகு இந்தப் பக்கம் வந்துச்சு, ஒயிட்ஹார்ஸ் பக்கத்து ரேப்பிட்ஸ்ல வரிசையா உடைய ஆரம்பிச்சதும் போலீஸ் அதிகாரி சாம் ஸ்டீல், தேர்ந்த பைலட் (ஆத்துல படகு ஓட்டித் தேர்ந்த ஆளு) இல்லாம எந்தப் படகும் எறங்கக்கூடாது, பொம்பளைங்களும் கொழந்தைங்களும் கரையோரமா நடந்துதான் போகணும்னு ரூல் போட்டாரு. அந்த பைலட்டு படகத் தானே ஓட்டிட்டுப் போனாரு. இப்ப இருக்கற கைடு வேற கேனோல இருப்பாரு, உங்க கேனோவ நீங்கதான் ஓட்டணும். நீச்சல் தெரியாது, தோள்பட்டை வலி, சுகர் மாத்திரை, இதெல்லாம் வெக்கப்பட்டு மறைக்காம புக் பண்றப்பவே சொல்லிருங்க.

கரடி விஷயத்துல நம்ம ஆளுங்க பண்ற தப்பு ஒண்ணு உண்டு, ஊறுகா பாட்டிலையும் முறுக்கு பாக்கெட்டையும் டென்ட்டுக்குள்ள தலைமாட்டுல வெச்சுக்கறது. சாப்பாடு மட்டும் இல்ல, டூத்பேஸ்ட், சோப்பு, வாசனையா எது இருந்தாலும் டென்ட்டுக்குத் தூரமாத்தான் இருக்கணும், சமைக்கற எடமும் தள்ளித்தான். கரடிய விரட்ட அடிக்கற பேர் ஸ்ப்ரே ஃப்ளைட்ல விட மாட்டாங்க, ஒயிட்ஹார்ஸ்லயே வாங்கிக்குங்க, வாங்கி மூட்டைக்கு அடில பொதைச்சு வெச்சா வாங்காததுக்குச் சமம், இடுப்புல இருக்கணும்.

தண்ணி ஃபில்டர் இருக்குன்னு அலட்சியமா இருந்தா ஒயிட் ரிவர் வந்து சேர்ற எடத்துல மாட்டிக்குவீங்க. பனிப்பாறை அரைச்ச சேறு கலந்து ஆறே சாம்பக் கலராயிரும், கேனோ அடில சர்ர்ருனு உரசுற சத்தம் கூட கேக்கும், ஃபில்டர் உடனே அடைச்சுக்கும். அதுக்கு முன்னாடியே கேன்ல நெறப்பிக்குங்க, இல்ல பக்கெட்ல ராத்திரி தெளிய வெச்சு மேல் தண்ணிய எடுத்துக் கொதிக்க வைங்க.

வழில பழைய கேபின், துருப்பிடிச்ச ஸ்டீமர் சாமானெல்லாம் கெடக்கும். ஞாபகார்த்தமா ஒரு ஆணிய எடுத்துப் பைல போட்டாக்கூட தப்பு, அதெல்லாம் சட்டத்துல பாதுகாப்புல இருக்கு, பழைய பலகைய வெறகா எரிக்கறதும் அப்படித்தான். 1848ல ஹட்சன்ஸ் பே கம்பெனி ஆரம்பிச்ச ஃபோர்ட் செல்கர்க்க இப்ப செல்கர்க் ஃபர்ஸ்ட் நேஷன்ங்கற பூர்வகுடி மக்களும் யூகான் அரசும் சேர்ந்து பாத்துக்கறாங்க, அது அவங்க பூர்வீக பூமி, காலி ஊருன்னு நெனச்சு கண்ட எடத்துல டென்ட் அடிக்காம கேம்ப்புக்குன்னு விட்டுருக்கற எடத்துல தங்குங்க. தூண்டில் எடுத்துட்டு வர்றவங்களுக்கு ஒண்ணு, சினூக் சால்மன் ரொம்ப கொறஞ்சு போனதால 2024ல கனடாவும் அலாஸ்காவும் ஏழு வருஷம் புடிக்கறத நிறுத்த ஒத்துக்கிட்டாங்க, வேற மீனுக்கும் லைசென்ஸ் வேணும்.

கடைசியா ஒண்ணு, டாசன் போய்ச் சேர்ற அன்னைக்கே ரிட்டர்ன் ஃப்ளைட் போடாதீங்க. ஏரில காத்து அடிச்சா ரெண்டு நாள் கரைலயே உக்கார வேண்டி வரும், அப்ப ஃப்ளைட்ட நெனச்சு நீங்க கைட அவசரப்படுத்துவீங்க.