யூரின் டியூப் போட்ட நோயாளி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்டிலிருந்து ஒருவரை ஸ்கேனுக்கு அழைத்துப் போவதைக் கவனித்துப் பாருங்கள். ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்ததும், யூரின் பேக்கை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் அவர் வயிற்றின் மேலேயே வைத்துவிடுவார்கள். லிஃப்ட் வருவதற்குள் பத்து நிமிடம், ஸ்கேன் அறை வாசலில் அரை மணி நேரம். அவ்வளவு நேரமும் பேக் சிறுநீர்ப்பையை விட உயரத்தில் இருக்கிறது. டியூபில் தேங்கி நின்ற சிறுநீர் வந்த வழியே உள்ளே திரும்புகிறது. பேக்கின் வாயில் தடுப்பு வால்வு இருந்தாலும் டியூபில் நிற்பதை அது தடுக்காது. இரண்டு நாள் கழித்துக் குளிர் காய்ச்சல் வந்தால், ஆஸ்பத்திரியிலேயே இருந்தும் எப்படி இன்ஃபெக்ஷன் வந்தது என்று வீட்டார் கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் இருந்ததால்தான் வந்தது.

தொற்றுத் தடுப்பு நர்ஸாகப் பல வருடம் வார்டு வார்டாகச் சுற்றியவள் நான். வெயில் காலத்தில் வீட்டிலிருக்கும் ஒரு பெண்ணுக்கு வரும் நீர்க்கடுப்பும், படுக்கையில் டியூபோடு இருப்பவருக்கு வரும் இன்ஃபெக்ஷனும் ஒன்றல்ல. முதலாவது சிறுநீர்ப்பையோடு நிற்கும், சில நாள் மாத்திரையில் அடங்கும். இரண்டாவதில் டியூப், சர்க்கரை, புராஸ்டேட் வீக்கம், கல் என்று ஏதாவது ஒன்று கிருமிக்குத் துணை நிற்கும். அது சிறுநீரகத்துக்கு ஏறும், அங்கிருந்து ரத்தத்தில் கலக்கும். விலாவில் வலி, நடுக்கம், பிரஷர் இறங்குவது எல்லாம் அப்போதுதான்.

எல்லாத் தவறுக்கும் தாய்த் தவறு ஒன்று உண்டு. தேவை முடிந்த பிறகும் டியூபை விட்டு வைப்பது. டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றில் மூன்று முதல் ஏழு பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் கிருமி சேர்கிறது. ஒரு மாதம் ஆனால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும். குளத்துப் படிக்கட்டில் பாசி படிவது போல டியூபின் உட்சுவரில் கிருமிகள் வழவழவென்று ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். மருந்து அதற்குள் சரியாக இறங்காது. டியூபை மாற்றினால்தான் அந்தப் பாசி போகும்.

டியூப் தேவைப்படும் இடங்கள் உண்டு. சிறுநீர் அடைத்துக்கொண்டவர், ஐசியூவில் மணிக்கு மணி சிறுநீரை அளக்க வேண்டியவர், சில அறுவை சிகிச்சைகள், இடுப்பில் படுக்கைப் புண் ஆழமாக இருந்து அதில் சிறுநீர் படுகிறவர். படுக்கையை அடிக்கடி மாற்ற முடியவில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நடப்பது அதுதான். எங்களுக்கும் வேலை குறைகிறது, கூட இருப்பவர்களும் “இருக்கட்டும் சிஸ்டர், ராத்திரி தூங்க முடியுது” என்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வராது. ஆனாலும் காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது “இன்னிக்கு டியூப் எடுத்துடலாமா சார்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மறந்து போன டியூபுகள் பல அந்த ஒரு கேள்வியில் வெளியே வந்திருக்கின்றன. ஆண்களுக்கு ஆணுறை போல வெளியே மாட்டும் காண்டம் கதீட்டர் இருக்கிறது. பெட்பேன், டயப்பர் இருக்கின்றன. எடுப்பதற்கு முன் டியூபைக் கட்டிக் கட்டி அவிழ்த்துப் ‘பழக்குவது’ பெரும்பாலோருக்குத் தேவையில்லை. எடுத்துவிட்டு, சில மணி நேரத்துக்குள் தானாகப் போகிறாரா என்று பார்த்தால் போதும். நீங்களே இழுத்துவிடாதீர்கள், உள்ளே தண்ணீர் நிரப்பிய ஒரு சின்ன பலூன் இருக்கிறது.

அடுத்தது, ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்ப்பது. டியூப் போட்டவரின் சிறுநீரில் சீழ் செல்கள் இருப்பது சாதாரணம். கல்ச்சரில், அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், ஒரு மில்லிக்கு லட்சத்துக்கு மேல் கிருமி வளர்ந்தாலும், காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஆள் நன்றாக இருக்கிறார் என்றால் அது குடியிருக்கும் கிருமி, அவ்வளவுதான். கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்துகொள்ளப் போகிறவர்களும் விதிவிலக்கு. மற்றவர்களுக்கு மருந்து கொடுத்தால் சாதுவான கிருமி செத்து, முரட்டுக் கிருமி அந்த இடத்தில் குடியேறும். சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, நாற்றம் அடிக்கிறது என்பதை மட்டும் வைத்தும் ஆன்டிபயாட்டிக் தொடங்கக் கூடாது. ஒரு முறை ஒரு பாட்டியின் பேக் முழுக்கக் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. பேத்தி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். சில கிருமிகள் சிறுநீரில் உள்ள ஒரு பொருளை நீலமும் சிவப்புமான சாயங்களாக மாற்றிவிடும். மலச்சிக்கலோடு நாள்பட்ட டியூப் இருப்பவர்களுக்கு இது வரும். பாட்டிக்குக் காய்ச்சல்கூட இல்லை. டியூபும் பேக்கும் மாற்றினோம், மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்தோம், சரியாகிவிட்டது.

வயதானவர் திடீரென்று பிதற்றினால் உடனே ‘யூரின் இன்ஃபெக்ஷன்’ என்று முடிவு கட்டுவதும் இதே ரகம். தண்ணீர்ச் சத்துக் குறைவு, சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, மூன்று நாள் மலம் போகாதது என்று வேறு காரணங்கள் வரிசையில் நிற்கும்.

நிஜமாகவே இன்ஃபெக்ஷன் என்று தோன்றினால் கல்ச்சர் எடுக்க வேண்டும், அதுவும் ஆன்டிபயாட்டிக் போடுவதற்கு முன்னால். பேக்கிலிருந்து பிடித்து அனுப்புவது பெரிய தவறு. பல மணி நேரம் அறைச் சூட்டில் ஊறிய சிறுநீரில் எது வேண்டுமானாலும் வளரும். டியூபிலேயே அதற்கென்று ஒரு வாய் இருக்கும், அதைத் துடைத்துவிட்டு ஊசியால் எடுக்க வேண்டும். டியூப் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால், புது டியூப் மாற்றி அதிலிருந்து எடுப்பது நல்லது. சாம்பிள் டப்பாவைக் கூட இருப்பவர் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். வழியில் டீக்கடை இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்காவிட்டால் அந்த ரிசல்ட்டை நம்ப முடியாது, ஆகவே டீயை அப்புறம் குடிக்கலாம்.

மருந்து விஷயத்தில் ‘போன தடவை இந்த மாத்திரைக்குக் கேட்டது’ என்ற பேச்சே வேண்டாம். நைட்ரோஃபியூரன்டாயின் மாத்திரையும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஃபாஸ்ஃபோமைசின் பொடியும் சிறுநீர்ப்பையில் நன்றாக வேலை செய்யும். சிறுநீரகத் திசுவிலோ ரத்தத்திலோ போதிய அளவு சேராது. குளிர் காய்ச்சலோடு இருப்பவர் அவற்றை நம்பி உட்கார்ந்திருந்தால் நாள்தான் போகும். எதற்கும் அடங்காத கிருமிகளின் கதையிலும் சிறுநீருக்கு ஓர் இடம் உண்டு. டெல்லி ஆஸ்பத்திரியில் இருந்து ஸ்வீடனுக்குத் திரும்பிய ஒருவரின் சிறுநீரிலிருந்து 2008-ல் எடுத்த க்ளெப்சியெல்லா கிருமியில்தான், வலுவான ஆன்டிபயாட்டிக்குகளையே செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 என்ற எதிர்ப்பாற்றல் முதலில் அடையாளம் காணப்பட்டது. 2012-ல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக்கை அளந்து பயன்படுத்தச் சொல்லிச் சென்னைப் பிரகடனம் வெளியிட்டன. அளந்து என்றால் நாள் கணக்கும்தான். சீக்கிரம் தேறுகிற பெரும்பாலோருக்கு ஏழு நாள் போதும். எல்லோருக்கும் பதினான்கு நாள் என்பது பழக்கதோஷம்.

மருந்து சரியாக இருந்தும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கவில்லை என்றால், இன்னும் பெரிய ஊசிக்குத் தாவுவதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். கல் அடைத்து, அதற்கு மேலே சீழ் தேங்கியிருந்தால் எந்த மருந்தும் தனியாக வேலைக்காகாது. உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்தோ முதுகு வழியாகக் குழாய் போட்டோ அன்றைக்கே வடிக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்கடங்காமல் போனவர்களில் சிலருக்குக் கிருமி சிறுநீரகத்துக்குள்ளேயே வாயுவை உண்டாக்கிவிடும். சிடி ஸ்கேனில்தான் அது தெளிவாகத் தெரியும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. இந்த நேரத்தில் ‘சூடு பிடித்திருக்கிறது’ என்று ஃபிளாஸ்க்கில் இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் கொண்டு வருவார்கள். பாசத்தோடு கொண்டு வருவதுதான். ஆனால் சிறுநீரகம் பழுதான நேரத்தில் இளநீரில் இருக்கும் பொட்டாசியம் இதயத்துடிப்பையே தடுமாற வைக்கும். டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. பேக் தரையில் கிடக்கக் கூடாது, கட்டில் சட்டத்தில் தாழ்வாக மாட்டுங்கள். டியூப் மடங்காமல், தொடையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருக்க வேண்டும். பேக்கைக் காலி செய்யும்போது அதன் திருகு மக்கில் படக் கூடாது. ஒரே மக்கை நான்கு கட்டிலுக்குக் கொண்டு போவதும், ஒரே கிளவுஸோடு நான்கு பேக்கைத் திறப்பதும் கிருமிக்கு நாமே ஆட்டோ பிடித்துக் கொடுப்பது போல. டெட்டால் ஊற்றிக் கழுவ வேண்டாம், தினமும் சோப்பும் தண்ணீரும் போதும். டியூபையும் பேக்கையும் தேவையில்லாமல் கழற்றி மாட்டக் கூடாது.

டியூபோடு வீட்டுக்கு அனுப்பினால் இன்னொரு கவனம் வேண்டும். புராஸ்டேட் வீக்கத்துக்கு டியூப் போட்ட ஒரு பெரியவர் மூன்று மாதம் கழித்து வந்தார். டியூபைச் சுற்றிச் சுண்ணாம்பு போலப் படிந்து, பலூனே சுருங்க மறுத்தது. ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டேன். “வான்னு யாரும் சொல்லலியேம்மா” என்றார். டியூப் போட்ட தேதி, மாற்ற வேண்டிய அல்லது எடுக்க வேண்டிய தேதி, இரண்டையும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.