எச்டாப்பில் புதிய மீட்டர் சேர்ப்பது எப்படி: வட்டுக்குப் போய்ச் சேராத தரவைக் காட்டுதல்

500 எம்பி கோப்பொன்றைப் பென்டிரைவில் நகலெடுக்கும்போது, வேலை முடிந்துவிட்டதுபோல முனையம் அடுத்த கட்டளைக்குத் தயாராகிவிட்டாலும், பென்டிரைவின் விளக்கு மட்டும் நெடுநேரம் மினுக்கிக்கொண்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் அத்தரவை முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகுதான் வட்டில் எழுதுகிறது. எழுதப்படாமல் காத்திருக்கும் பகுதியை ‘டர்ட்டி’ என்றும், எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் பகுதியை ‘ரைட்பேக்’ என்றும் அது கணக்கு வைக்கிறது. கணினியில் ஓடும் நிரல்களையும் நினைவகப் பயன்பாட்டையும் முனையத்தில் காட்டும் எச்டாப்பின் தலைப்பகுதியில், இந்த இரண்டு எண்களையும் ஒரு மீட்டராக, அதாவது அளவுகாட்டியாகக் காட்டும் வழியை இங்கே விளக்குகிறேன்.

எச்டாப், ஹிஷாம் முகம்மது 2004இல் வெளியிட்டு, 2020 முதல் ஒரு தன்னார்வக் குழு பராமரித்துவரும் கட்டற்ற மென்பொருள். முழுவதும் சி மொழியில் எழுதப்பட்டது. கிட்ஹப்பிலிருந்து மூலநிரலை இறக்கி, ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், என்கர்சஸ் டெவலப்மென்ட் தொகுப்பு ஆகியவற்றை நிறுவிக்கொண்டு, ஆட்டோஜென், கான்ஃபிகர், மேக் என்ற வரிசையில் இயக்கினால் போதும். நிரலில் கைவைக்கும் முன்பே ஒருமுறை தொகுத்து (கம்பைல் செய்து) பார்த்துவிடுவது நல்லது. தொகுத்ததை இயக்கும்போது, பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் இட மறக்கக்கூடாது; மறந்தால் கணினியில் ஏற்கெனவே உள்ள பழைய எச்டாப்தான் திறக்கும். என் மீட்டர் ஏன் தெரியவில்லை என்று அரைமணி நேரம் நிரலைத் துருவிய பிறகே இது எனக்கு உறைத்தது.

முன்மாதிரியாக, கணினி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதைக் காட்டும் அப்டைம் மீட்டரின் கோப்பை எடுத்துக்கொள்ளலாம். அதைவிட எளிய மீட்டரைக் காண்பது அரிது. அதில் இரண்டே பகுதிகள்தான் உள்ளன: மதிப்பைப் புதுப்பிக்கும் செயற்கூறு ஒன்று, மீட்டரின் பெயர், திரையில் தோன்றும் தலைப்பு, நிறங்கள், இயல்பான வடிவம் ஆகியவற்றைச் சொல்லும் அமைப்பு மற்றொன்று. நமது மீட்டர் லினக்ஸுக்கு மட்டுமே பொருந்துவதால், புதிய கோப்பையும் அதன் தலைப்புக் கோப்பையும் (ஹெடர்) லினக்ஸ் என்ற அடைவுக்குள்ளேயே வைக்க வேண்டும்.

புதுப்பிக்கும் செயற்கூறு, கெர்னல் தன் கணக்குகளைக் காட்டும் ப்ராக் அடைவிலுள்ள மெம்இன்ஃபோ கோப்பைத் திறந்து வரிவரியாகப் படித்து, வேண்டிய இரண்டு வரிகளை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘ரைட்பேக்’ என்று தொடங்கும் வரியைத் தேடினால், சற்றுக் கீழே இருக்கும் ‘ரைட்பேக்டெம்ப்’ வரியும் சிக்கி, சரியாகக் கிடைத்த எண்ணின்மேல் பெரும்பாலும் சுழியத்தை எழுதிவிடும். ஆகவே பெயரோடு முக்காற்புள்ளியையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். கோப்பு திறக்காவிட்டால் சுழியத்தைக் காட்டாமல், மதிப்பு இல்லை என்பதைத் தெரிவிக்கும் உரையைக் காட்டுவதே நேர்மை. இயல்பு அமைப்பில் 1.5 விநாடிக்கு ஒருமுறை இச்செயற்கூறு ஓடும் என்பதால், இதற்குள்ளிருந்து வேறொரு கட்டளையை அழைக்கும் எண்ணம் வேண்டாம்.

எண்ணை உரையாக மட்டும் காட்டுவதானால் வேலை இத்தோடு முடிந்தது. பட்டையாகவும் காட்ட விரும்பினால், எதை முழு அளவாகக் கொள்வது என்பதைச் சிந்தித்தே முடிவெடுக்க வேண்டும். மொத்த நினைவகத்தைக் கொண்டால், பட்டை எப்போதும் ஏறக்குறைய காலியாகவே கிடக்கும். பார்ப்பவருக்கு அதனால் பயனில்லை. டர்ட்டி தரவுக்குக் கெர்னல் தானே வகுத்துக்கொள்ளும் எல்லை, அதே ப்ராக் அடைவின் விஎம்ஸ்டாட் கோப்பில் ‘டர்ட்டி திரெஷோல்டு’ என்ற பெயரில் இருக்கிறது. எழுதும் நிரல்களைக் கெர்னல் தடுத்து நிறுத்திக் காக்கவைப்பது அந்த எல்லையை ஒட்டித்தான் என்பதால், அதையே முழு அளவாகக் கொள்வது பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் அது பக்கங்களின், அதாவது கெர்னல் நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் துண்டுகளின், எண்ணிக்கையாக இருக்கும்; மெம்இன்ஃபோவோ கிலோபைட்டில் தருகிறது. வழக்கமான இன்டெல் கணினிகளில் ஒரு பக்கம் 4 கிலோபைட் என்றாலும், அந்த எண்ணை நிரலில் பதிக்காமல் இயங்குதளத்திடமே கேட்டு வாங்குவது முறை. முன்மாதிரியின் அமைப்பில் பட்டை வடிவம் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளவும்.

இனி மீட்டரை அறிமுகப்படுத்த வேண்டும். லினக்ஸ் அடைவின் பிளாட்ஃபார்ம் கோப்பில் மீட்டர் வகைகளின் அணி ஒன்று இருக்கிறது. அதன் இறுதியிலுள்ள வெற்றுக் குறிக்கு (நல்) முன்னால் நமது மீட்டரைச் சேர்க்கவும். முதல் இடம் சிபியு மீட்டருக்கு உரியது, அதைத் தொடக்கூடாது. மேக்ஃபைலின் மூல வடிவத்திலும் லினக்ஸ் கோப்புகளின் பட்டியலில் இரு புதிய பெயர்களையும் சேர்த்தால்தான் தொகுப்பி அவற்றைக் கண்டுகொள்ளும்.

மீண்டும் தொகுத்து, எஃப்2 விசையை அழுத்தி, மீட்டர்கள் பகுதியிலிருந்து புதியதைத் தலைப்பகுதிக்குக் கொண்டுவரவும். இத்தேர்வு, மீட்டரின் உட்பெயரைக் கொண்டே பயனரின் அமைப்புக் கோப்பில் சேமிக்கப்படுகிறது. பின்னாளில் அப்பெயரை மாற்றினால் எல்லோருடைய திரையிலிருந்தும் மீட்டர் மறைந்துபோகும். ஆகவே பெயரைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிடுங்கள். பிறகு அதே பென்டிரைவில் அதே கோப்பை நகலெடுத்து, மற்றொரு முனையத்தில், காத்திருக்கும் தரவை உடனே எழுதச் சொல்லும் ‘சிங்க்’ கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்: ஏறி நின்ற டர்ட்டி எண் ரைட்பேக்குக்கு மாறி, பிறகு இரண்டுமே படிப்படியாக இறங்க வேண்டும். இறங்காமல் அப்படியே நின்றால், குறை பெரும்பாலும் வரிகளைப் படிக்கும் இடத்தில்தான் இருக்கும்.

உங்கள் மீட்டரை எச்டாப் திட்டத்துக்கு அனுப்புவதாக இருந்தால், முன்கூட்டியே கிட்ஹப்பில் ஒரு இஷ்யூ (விவாதப் பதிவு) திறந்து கேட்டுவிடுவது உழைப்பை மிச்சப்படுத்தும். எச்டாப்பின் நிரல்வரிகள் மூன்று இடைவெளி உள்தள்ளலில் எழுதப்படுபவை. நிரல் எழுதும் உங்கள் எடிட்டர் வழக்கப்படி நான்கு இட்டிருந்தால், அனுப்பும் முன் திருத்திவிடுங்கள்.