ஒற்றைக்காலில் நின்று காட்டினால் போதாது: தலையடிக்குப் பின் ரக்பிப் பிள்ளைகளின் சமநிலை

தலையில் அடிபட்ட பிள்ளை மூன்று, நான்கு நாளில் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காலில் ஆடாமல் நின்று காட்டிவிடுவாள். பெரும்பாலானோருக்கு அசையாமல் நிற்கும் சமநிலை முதல் வாரத்துக்குள்ளேயே வழமைக்கு வந்துவிடும். அதைப் பார்த்து "சுகம் வந்திட்டுது" என்று மைதானத்தில் இறக்குவதுதான் பிழை. ரக்பியில் ஓடிக்கொண்டே தலையைத் திருப்பிப் பந்தைப் பார்க்க வேண்டும், எதிரே வருகிறவளைக் கணக்குப் போட வேண்டும், பின்னாலிருந்து கூப்பிடும் குரலுக்கும் காது கொடுக்க வேண்டும். கண், உட்காது, கழுத்து மூன்றும் அனுப்பும் தகவலை மூளை ஒன்றாகச் சேர்க்கும் இந்த வேலைதான் தலையடியால் வரும் மூளையதிர்ச்சிக்குப் பின் பிந்தித் தேறுகிறது. ஆகவே சோதனையும் பயிற்சியும் அங்கேதான் போக வேண்டும்.

பெண்பிள்ளைகளைத் தனியாக எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. சராசரியாகக் கழுத்துத் தசையின் பலம் குறைவு. பின்புறமாக விழும்போது தலை சாட்டைபோலப் போய் நிலத்தில் அடிபடும். ஆடி, ஆவணியில் காய்ந்து கிடக்கும் நமது யாழ்ப்பாண மைதானங்களில் இது லேசான அடி அல்ல. இன்னொன்று, தலையிடியையும் தலைச்சுற்றையும் பிள்ளைகள் ஆண் பயிற்றுநரிடம் சொல்லத் தயங்குவார்கள். அறிகுறிகளைக் கேட்டு எழுதும் பொறுப்பை ஒரு பெண் ஆசிரியரிடம் கொடுங்கள்.

பருவம் தொடங்குமுன் எடுக்க வேண்டிய அளவு

அடிபட்ட பிறகு ஒப்பிட, சுகமாக இருந்தபோது எடுத்த அளவு வேண்டும். ஒரு ஸ்டொப்வாட்ச், 38 மில்லிமீற்றர் அகல ஒட்டு ரேப், பாடசாலை விறாந்தையின் சீமெந்துத் தரை போதும். புல்லிலும் மணலிலும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். மேடுபள்ளத்தின் ஆட்டம் கணக்கில் சேர்ந்துவிடும்.

வெறுங்கால், இரண்டு கையும் இடுப்பில், கண் மூடியபடி, ஒவ்வொரு நிலையும் 20 செக்கன். முதலில் இரு பாதமும் சேர்த்து. அடுத்து, பந்தை உதைக்காத காலில் மட்டும். கடைசியாக முன்காலின் குதியைப் பின்காலின் பெருவிரல் தொட, உதைக்காத கால் பின்னால். கை இடுப்பை விட்டு எடுபடுவது, கண் திறப்பது, காலடி வைப்பது அல்லது தடுமாறுவது, குதியோ முன்பாதமோ உயர்வது, இடுப்பு 30 பாகைக்கு மேல் விலகுவது, நிலை குலைந்து 5 செக்கனுக்குள் திரும்பாதது ஒவ்வொன்றும் ஒரு பிழை. ஒரு நிலைக்கு ஆகக்கூடியது 10.

பிறகு 3 மீற்றர் ரேப்பை நேராக ஒட்டி, குதியும் விரலும் தொடத் தொட நடந்து, முனையில் திரும்பி வரச் சொல்லுங்கள். மூன்று தடவை நேரம் எடுங்கள். அதையே 100 இலிருந்து ஏழேழாகக் குறைத்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு நடக்கவும் வையுங்கள். எண்ணும்போது நடை எவ்வளவு மந்தமாகிறது என்பதுதான் எங்களுக்கு வேண்டிய தகவல்.

ஓடிக் களைத்த கையோடு அளந்தால் பிழை கூடும். குறைந்தது கால் மணித்தியாலம் ஆறவிடுங்கள். கணுக்கால் பட்டியைக் கழற்றுங்கள். வேண்டுமென்றே மோசமாகச் செய்து, பிறகு இலகுவாகத் தப்பலாம் என்று நினைக்கும் கெட்டிக்காரிகளும் உண்டு. போனில் வீடியோ எடுத்து வையுங்கள், பார்த்தால் தெரிந்துவிடும்.

அடிபட்ட அன்று

சந்தேகம் வந்தாலே வெளியே. அன்று திரும்ப ஆட்டம் இல்லை. கழுத்து நோ, கை காலில் விறைப்பு அல்லது பலவீனம், வலிப்பு, திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, இரட்டையாகத் தெரிதல், மயக்கம், குழப்பம் கூடுதல் இவற்றில் ஒன்று இருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். கழுத்து நோ என்றால் தூக்கி முச்சக்கரவண்டியில் ஏற்றவே கூடாது.

முதல் 24 முதல் 48 மணித்தியாலம் மெல்லிய ஓய்வு. இருட்டறையில் படுக்க வைப்பதல்ல. வீட்டுக்குள் நடக்கலாம், சாப்பிடலாம், கதைக்கலாம். போன் திரையும் ஸ்கூட்டரும் வேண்டாம். வைத்தியரைக் கேட்காமல் இபுபுரோபன், அஸ்பிரின் கொடுக்காதீர்கள். பனடோல் போட்டுக்கொண்டு "நோவில்லை" என்று பயிற்சிக்கு வருவதும் கணக்கில் வராது.

மூன்றாம் நாளிலிருந்து

அறிகுறிக்கு 0 முதல் 10 வரை புள்ளி போடுங்கள். பயிற்சியில் 2 புள்ளி கூடி, ஒரு மணித்தியாலத்துக்குள் இறங்கினால் பரவாயில்லை. அதைத் தாண்டினால் நிறுத்தி, மறுநாள் பாதி அளவிலிருந்து தொடங்குங்கள்.

நடை முதலில்: 15 முதல் 20 நிமிடம், காலை ஏழு மணிக்குமுன். மதிய வெயிலில் நீர் குறைந்து வரும் தலையிடியையும் அடியின் தலையிடியையும் பிரித்தறிய முடியாது. பிறகு ஓரிடத்தில் நின்று மிதிக்கும் பயிற்சிச் சைக்கிள். 18 வயதுக்கு ஆகக்கூடிய இதயத்துடிப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 202. அதில் 55 சதவீதம், அதாவது 111 வரை மெல்லிய வேலை, அது சரிவந்தால் 70 சதவீதம், 141 வரை. நாடித்துடிப்பை 15 செக்கன் எண்ணினால் 28, 35 என்று வரும்.

இதோடு பார்வைப் பயிற்சி. தாளில் ஒரு 'ழ' எழுதி, கை நீட்டிய தூரத்தில் கண் மட்டத்தில் சுவரில் ஒட்டுங்கள். எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல், தலையை மட்டும் இடமும் வலமும் 20 பாகை ஆட்ட வேண்டும். 30 செக்கன், மூன்று தடவை, நாளைக்கு மூன்று வேளை. எழுத்து மங்கினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். கதிரையில் இருந்து தொடங்கி, பாதம் சேர்த்து நின்று, பிறகு ஒன்றன்முன் ஒன்றாக நின்று செய்யுங்கள். அதன்பின் 10 மீற்றர் நடந்துகொண்டே, ஒவ்வொரு மூன்றாம் அடிக்கும் தலையைத் திருப்புங்கள். கடைசியில் கோயில் வீதி மணல். மென்மையான மணலில் பாதத்தின் உணர்வு குறைந்து உட்காதுக்கு வேலை கூடும். விலை கொடுத்து வாங்கும் பஞ்சுத்தட்டைவிடக் குறைந்ததல்ல. பக்கத்தில் ஓராள் நிற்க வேண்டும்.

நல்லூர்த் திருவிழாச் சனத்துக்குள் அல்லது நிறைந்த பஸ்ஸில் தலை சுற்றுகிறது என்றால் அது சாட்டு அல்ல. சுற்றியுள்ள அசைவைக் கண் தாங்கவில்லை. அந்தப் பிள்ளை பாஸ் பயிற்சிக்கு இன்னும் தயாரில்லை.

படுக்கையில் புரளும்போது மட்டும் ஒரு நிமிடத்துக்குள் அறை சுழன்று நின்றால், உட்காதின் சுண்ணத்துகள் இடம் மாறியிருக்கலாம். மேலே சொன்ன பயிற்சி அதற்கு உதவாது. வைத்தியரோ இயன்மருத்துவரோ தலையைத் திருப்பிச் செய்யும் எப்லி முறை பெரும்பாலும் ஓரிரு தடவையில் சரியாக்கும். கழுத்தைப் பரிசோதிக்காமல் வீடியோ பார்த்து வீட்டில் செய்ய வேண்டாம்.

குறிப்பேட்டில் மாதவிடாய்த் திகதியும் இருக்கட்டும். அந்நாள்களின் தலையிடியை அடியோடு குழப்பாமல் இருக்கவும், அடிக்குப் பின் சுழற்சி தவறினால் வைத்தியருக்குச் சொல்லவும் அது உதவும். எழும்பும்போதெல்லாம் கண் இருட்டும் பிள்ளைக்கு இரத்தச்சோகை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

திரும்பி வருதல்

முதலில் வகுப்பு, அதன்பின் மைதானம். காலை ரியூசன், பாடசாலை, மாலை ரியூசன் என்ற முழுநாளையும் அறிகுறி கூடாமல் தாங்காதவள் பந்தைத் தொட வேண்டாம். அதற்குப் பிறகு ஒரு படிக்குக் குறைந்தது 24 மணித்தியாலம்: தனியாக ஓட்டமும் திசை மாற்றமும், ஆளோடு ஆள் மோதாத, தொடுகையில்லாப் பாஸ் பயிற்சி, வைத்தியரின் அனுமதியோடு தொடுகை, பிறகு போட்டி. தொடுகைப் பயிற்சிக்குமுன் 14 நாள் அறிகுறி இல்லாமல் இருக்க வேண்டும். அடிபட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் போட்டி இல்லை. அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே. நான்கு வாரம் தாண்டியும் விடாவிட்டால் வைத்தியரிடம் மீண்டும் போக வேண்டும்.

தொடுகைக்குமுன் ரேப் நடையை, எண்ணாமலும் எண்ணிக்கொண்டும், இரண்டு தரம் மறுபடி எடுங்கள்: ஆறியிருக்கும்போது ஒன்று, 15 நிமிட ஓட்டம் முடித்து ஆறியபின் ஒன்று. எண்ணிக்கொண்டு நடக்கும் நேரம் பழைய அளவுக்கு வராவிட்டால், அவள் என்ன சொன்னாலும் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். தொடுகையில் முதலில் பயிற்சிப் பையில் மோதல், பிறகு முழந்தாளில் இருந்து தக்கிள் (எதிராளியைப் பிடித்து விழுத்துவது), கடைசியில்தான் ஓடிவரும் ஆள். விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளப் பழக்குங்கள். கழுத்துக்கு, உள்ளங்கையால் நெற்றி, பிடரி, இரு பக்கம் என எதிர்த்துத் தள்ளி 10 செக்கன், ஒவ்வொன்றும் ஐந்து தடவை.

மூளையதிர்ச்சிக்குப் பின் மாதக்கணக்கில் முழங்கால், கணுக்கால் காயங்கள் கூடுவது தெரிந்த விடயம். அதனால் ஒற்றைக்காலில் குதித்து இறங்கி மூன்று செக்கன் அசையாமல் நிற்கும் பயிற்சியை, அவள் அணிக்குத் திரும்பிய பின்னும் வோர்ம்அப்பில் விடாமல் வைத்திருங்கள்.