கார்ல்டனில் முதல் டெர்ம்: ஆட்களோடு பழகுவது எப்படி?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், நார்த்ஃபீல்டு என்ற சின்ன ஊரில் இருக்கிறது கார்ல்டன் கல்லூரி. மொத்தமே ஏறத்தாழ 2,000 மாணவர்கள். பெரும்பாலானவர்கள் நான்கு வருடமும் கல்லூரி விடுதியிலேயே தங்குகிறார்கள். பெருநகரமான மினியாபொலிஸ் 40 மைல் தள்ளி. ஆகவே வகுப்பில் பார்த்த அதே முகத்தைச் சாப்பாட்டுக் கூடத்திலும், துணி துவைக்கும் அறையிலும், இரவில் நூலகத்திலும் பார்ப்பீர்கள். முகம் தானாகப் பழகிவிடும். நட்புக்குத்தான் நாள் குறிக்க வேண்டும்.

வருடத்துக்கு மூன்று டெர்ம் (படிப்புப் பருவம்), ஒவ்வொன்றும் பத்து வாரம். முதலில் படிப்பைப் பார்ப்போம், பழக்கமெல்லாம் பிறகு என்று இருந்தால் ஐந்தாவது வாரம் இடைத்தேர்வு வந்து நிற்கும். அதன்பின் எல்லோரும் கட்டுரையும் கையுமாகத்தான் இருப்பார்கள். முதல் டெர்ம் நவம்பரில் முடிந்தால் மறுபடி வகுப்பு ஜனவரியில்தான். முதல் மூன்று வாரத்தை விட்டால் பிடிப்பது சிரமம்.

மாணவர் மன்றங்கள் மேசை போட்டு ஆள் சேர்க்கும் நாளில் இருபது பட்டியலில் பெயர் எழுதலாம், தப்பில்லை. போவது இரண்டுக்கு மட்டும் போதும். ஆனால் வாரம் தவறாமல் போங்கள். ஃப்ரிஸ்பீ என்ற தட்டெறி ஆட்டம் இந்தக் கல்லூரியின் உயிர். தேசிய அளவில் வெல்லும் அணியும் உண்டு, தட்டை எறியவே தெரியாதவர்கள் புல்வெளியில் ஆடும் ஆட்டமும் உண்டு. இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள்.

நம்மவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் அழைப்பு. நம் வீடுகளில் முதல் தடவை "வேண்டாம்" என்போம். மறுபடி வற்புறுத்துவார்கள் என்று தெரியும். அங்கே ஒரு தடவை "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். மூன்று தடவை மறுத்தால் உங்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள். வர முடியாவிட்டால் வேறு நாளை நீங்களே சொல்லுங்கள். அதேபோல, "ஒருநாள் சேர்ந்து சாப்பிடலாம்" என்பது பெரும்பாலும் மரியாதைப் பேச்சு. "வியாழக்கிழமை 12 மணி, பர்ட்டன் சாப்பாட்டுக் கூடம், சரியா?" என்று அங்கேயே கேட்டுவிட்டால்தான் நடக்கும்.

கூச்சம் உள்ளவர்கள் முதலில் போக வேண்டிய இடம் டேசி மோசஸ் வீடு. கல்லூரி ஊழியராக இருந்த டேசி மோசஸ் மாணவர்களுக்காகத் தன் வீட்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்தவர். 1981இல் அவர் இறந்தபின் வீடு கல்லூரிக்கு வந்தது. மாவு, சர்க்கரை, வெண்ணெய் எல்லாம் அங்கே இருக்கும். யார் வேண்டுமானாலும் போய் குக்கீ சுடலாம். பாத்திரத்தைக் கழுவி வைக்க வேண்டும், அடுத்து வருபவர்களுக்குக் கொஞ்சம் குக்கீ விட்டுப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை உணவும் உண்டு.

இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அளவு: மைதா 2¼ கப், வெண்ணெய் 1 கப், வெள்ளைச் சர்க்கரையும் பழுப்புச் சர்க்கரையும் முக்கால் கப் வீதம், முட்டை 2, சமையல் சோடா 1 டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன், சாக்லெட் துண்டு 2 கப். வெண்ணெயையும் சர்க்கரையையும் நன்றாகக் குழைத்து, முட்டை அடித்துச் சேர்த்து, மற்றதைக் கலக்குங்கள். ஓவன் 375 டிகிரி. அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 190. ஒரு தட்டு 9 முதல் 11 நிமிடம். அவசரத்தில் வெண்ணெயை உருக்கி ஊற்றினால் குக்கீ அப்பளம்போல் பரவிவிடும். விரல் வைத்தால் பதியும் அளவு இளகியிருந்தால் போதும். ஓரம் சிவந்து நடு மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், சூட்டிலேயே இறுகிவிடும். நாலைந்து தட்டு சுட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். கை வேலையாக இருக்கும்போது பேச்சுக்குத் திண்டாட்டமே வராது.

குளிர்கால டெர்மில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் வரை போகும் நாட்கள் உண்டு. அறைக்குள் முடங்கத் தோன்றும். அப்போதுதான் பால்ட் ஸ்பாட் மைதானத்தில் தண்ணீர் விட்டு உறையவைத்து ப்ரூம்பால் ஆடுவார்கள்; துடைப்பம் போன்ற மட்டையால் பனித்தரையில் பந்தடிக்கும் ஆட்டம் அது. சறுக்குக் காலணி தேவையில்லை, சாதாரண ஷூ போதும். யாருக்குமே கால் நிற்காது என்பதால் புதியவர் என்ற பேதமே இல்லை. தலைக்கவசம் மட்டும் கட்டாயம் போடுங்கள்.

மது அருந்த மினசோட்டாவில் 21 வயது ஆக வேண்டும். விருந்தில் சோடாக் கோப்பையைக் கையில் வைத்திருங்கள், ஏன் குடிக்கவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

சின்ன இடத்தில் சண்டை போட்டவரை மறுநாளே எதிரில் பார்க்க வேண்டியிருக்கும். மூன்றாவது ஆளிடம் சொன்ன வார்த்தை சாயங்காலத்துக்குள் உரியவரிடம் போய்விடும். அறைத்தோழரோடு உரசல் என்றால் இரண்டு நாளுக்குள் நேரில், தனியாகப் பேசுங்கள். வாய் வரவில்லையென்றால் வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள். அன்று மாணவர் மையமான சேல்ஸ்-ஹில் கட்டடத்தில் பூ விற்பார்கள்; ஒன்று வாங்கி, துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதி, அவருடைய தபால் பெட்டியில் வையுங்கள். பெட்டி எண்ணை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.