கார் நடுங்கினால் முதலில் எங்கே பார்ப்பது?

"வண்டி உதறுதுண்ணே" என்று யார் வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த வேகத்தில்?

80-ஐத் தாண்டும்போது ஸ்டியரிங் உதறினால் பெரும்பாலும் வீல் பேலன்சிங், அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லை. அதைச் சமன்செய்ய ரிம்மில் ஒட்டிய சின்ன வெயிட் விழுந்திருக்கும். மழைக்காலத்தில் ரிம்முக்குள் சேறு காய்ந்து ஒட்டினாலே போதும். அதனால் காசு கொடுக்கும் முன் உள்பக்கத்தைக் கழுவிப் பாருங்கள். ஸ்டியரிங் சும்மா இருக்க, சீட் மட்டும் அதிர்ந்தால் பின்சக்கரம்.

அடுத்து டயர். வண்டியை நிறுத்தி, பக்கச்சுவரை உள்ளங்கையால் தடவுங்கள், உள்பக்கமும். பள்ளத்தில் இறங்கிய டயரில் எலுமிச்சை அளவுக்குப் புடைப்பு தட்டுப்பட்டால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. பேலன்சிங் உதவாது, ஸ்டெப்னி மாட்டி மெதுவாக வாருங்கள். இதில் பேரமே கிடையாது.

பிரேக் மிதித்தால் மட்டும் நடுக்கமா? டிஸ்க். ஆக்ஸிலரேட்டர் அழுத்தினால் மட்டுமா? இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்ட். சிக்னலில் நிற்கும்போதே ஆடினால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் அல்லது ஸ்பார்க் பிளக்.

எல்லோரும் அலைன்மென்ட்டைத்தான், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைத்தான், முதலில் சொல்வார்கள். அது தப்பினால் வண்டியை ஒரு பக்கம் இழுக்கும், டயரைத் தின்னும். நேரடியாக உதறவைப்பது அபூர்வம். அப்புறம், பஞ்சர் போட்டு வந்த மறுநாளே உதறல் என்றால் வேறெதையும் தொடாதீர்கள். முதலில் வீல் நட்டை முறுக்கிப் பாருங்கள்.