போனில் ப்ளாக்ஜாக், ரூலெட்: பணத்தைக் கரைக்கும் தவறுகள்

கேசினோ மேசையில் விரித்திருக்கும் பச்சைத் துணியில் ஒரு வரி பெரிய எழுத்தில் இருக்கும்: 'ப்ளாக்ஜாக் வந்தால் 2-க்கு 3'. உட்காருகிறவர் கண்ணில் அது படாமல் போகாது. போன் திரையில் அதே வரி கடுகளவுக்குச் சுருங்கிவிடும். சில ஆட்டங்களில் விதிப் பக்கத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். சீட்டு கலைக்கும் இடைவேளை கிடையாது, சில்லுகளை எண்ணித் தள்ளும் வேலையும் கிடையாது. புதியவர்களின் பெரிய நஷ்டங்கள் இந்த இரண்டு குறைகளிலிருந்துதான் கிளம்புகின்றன: விதி கண்ணில் படுவதில்லை, வேகம் கைக்கு உறைப்பதில்லை.

கடன் வாங்கி ஆடாதே, குடித்துவிட்டு ஆடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன். கீழே உள்ள கணக்குகள் பிரிட்டனில் உரிமம் பெற்ற தளங்களை மனதில் வைத்தவை; அதனால் தொகைகள் பவுண்டில்.

சட்டத்தைப் பார்க்காமல் செயலியை இறக்குவது

பிரிட்டனில் 18 வயதானவர்கள் சூதாட்ட ஆணையத்தின் உரிமம் பெற்ற தளத்தில் ஆடலாம். கனடாவின் ஒன்டாரியோவில் 2022 ஏப்ரல் 4 முதல் தனியார் தளங்களுக்கு உரிமம் உண்டு; அங்கே வயது 19. இந்தியாவில் நிலைமை வேறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாடே இல்லாமல் தடை செய்கிறது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இணையச் சூதாட்டம் ஆடுபவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. சிங்கப்பூரிலும் இணையக் கேசினோவில் ஆடுவது ஆடுபவர் மீதே பாயும் குற்றம்.

ஆகவே சென்னையிலோ மதுரையிலோ இருப்பவருக்கு டெலிகிராமில் வரும் ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பு), எந்த உரிமமும் இல்லாத ஒருவர் அனுப்பியது. அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டால் ஓடிபி அவர் கைக்குப் போகும். பணம் கட்டச் சொல்லும் யுபிஐ முகவரி ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் பெயரில் இருக்கும். அந்தக் கணக்குகளில் ஒன்று சைபர் குற்றப் புகாரில் சிக்கினால், அதிலிருந்து உங்களுக்கு வந்த 'ஜெயித்த பணம்' காரணமாக உங்கள் வங்கிக் கணக்கும் முடக்கப்படலாம். இந்தியாவில் இருப்பவர்கள் கீழே உள்ளதைக் கணக்கறிவுக்காகப் படியுங்கள். பணம் கட்டி முயல வேண்டாம்.

6:5 மேசையில் உட்காருவது

மற்ற எல்லாத் தவறுகளையும் சேர்த்து வைத்தாலும் எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது இதுதான். ஏனென்றால் இதைத் தவிர்க்க எந்தத் திறமையும் தேவையில்லை. 20 விநாடி போதும்.

21-ஐத் தாண்டாமல் டீலரை, அதாவது கேசினோ சார்பில் சீட்டு போடுபவரை, முந்துவதே ஆட்டம். அதில் 'ப்ளாக்ஜாக்' என்பது முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்து மதிப்புள்ள சீட்டும் சேர்ந்து வருவது. மற்ற வெற்றிகளுக்கு வைத்த தொகைக்குச் சமமாகத்தான் கிடைக்கும். இதற்கு மட்டும் கூடுதல். பழைய வழக்கம் 3:2. அதாவது 10 பவுண்ட் வைத்தால் 15 பவுண்ட் லாபம். 2000-களின் தொடக்கத்தில் லாஸ் வேகஸில் ஒற்றைச் சீட்டுக்கட்டு மேசைகளில் 6:5 பரவ ஆரம்பித்தது. அதே 10 பவுண்டுக்கு 12 பவுண்ட் லாபம். இப்போது அந்த விகிதம் போன் ஆட்டங்களிலும் இருக்கிறது.

புதியவர் ஏமாறுவது எண்களின் தோற்றத்தில். 6-ம் 5-ம் 3-ஐயும் 2-ஐயும் விடப் பெரிய எண்கள், அதனால் தாராளமான விகிதம் போலத் தெரிகிறது. இரண்டையும் பத்துக்கு மாற்றிப் பாருங்கள்: ஒன்று 10-க்கு 15, மற்றது 10-க்கு 12.

திரையில் நடப்பதைக் கவனியுங்கள். ஒருவர் 10 பவுண்ட் வைக்கிறார். ஏஸும் ராஜாவும் வருகின்றன. பொன் நிறத்தில் 'ப்ளாக்ஜாக்' என்று மின்னுகிறது, மணி ஒலிக்கிறது, கணக்கில் 22 பவுண்ட் ஏறுகிறது. அவருக்குச் சந்தோஷம். 25 ஏறியிருக்க வேண்டும் என்பது அவர் மனதில் வருவதே இல்லை. தோற்ற கையில் 3 பவுண்ட் கூடுதலாகப் பிடித்திருந்தால் உடனே புகார் எழுதியிருப்பார். ஜெயித்த கையில் பிடிப்பதால் யாரும் கேட்பதில்லை.

இது எத்தனை முறை நடக்கும்? ஆறு, எட்டு கட்டுகள் கொண்ட ஆட்டத்தில் சுமார் 21 கைக்கு ஒரு முறை ப்ளாக்ஜாக் வரும். அதே நேரத்தில் டீலருக்கும் வந்து சமனாகும் கைகளைக் கழித்தால், 100 கைக்கு நாலரை. ஒவ்வொன்றிலும் வைத்த தொகையில் 30 சதவீதம் பறிபோகிறது. பெருக்கினால், மொத்தம் வைக்கும் பணத்தில் 1.36 சதவீதம். 3:2 மேசையில் அடிப்படை உத்திப்படி (எந்தக் கைக்கு என்ன செய்வது என்று கணக்கிட்ட அட்டவணைப்படி) சரியாக ஆடுகிறவரிடமிருந்து கேசினோ எடுப்பது சுமார் 0.5 சதவீதம். 6:5 மேசையில் அது கிட்டத்தட்ட 1.9. ஏறக்குறைய நான்கு மடங்கு. எப்போது ஹிட் (இன்னொரு சீட்டு எடுப்பது), எப்போது ஸ்டாண்ட் (போதும் என்று நிற்பது) என்று மாதக்கணக்கில் மனப்பாடம் செய்து சேமித்ததை இந்த ஒரு விதி வாரிக்கொண்டு போய்விடும்.

சில அதிவேக ஆட்டங்களில் ப்ளாக்ஜாக்குக்கும் சமத் தொகை மட்டுமே, அதாவது 1:1. அங்கே இழப்பு 2.27 சதவீதம் கூடுகிறது.

'ஆனால் அந்த மேசையில் 1 பவுண்டிலிருந்தே ஆடலாமே, 3:2 மேசையில் குறைந்தது 5 பவுண்ட் கேட்கிறார்களே' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடைசி வரை 1 பவுண்டைத் தாண்டாதவருக்குக் கைக்குச் சராசரி இழப்பு 1.9 பென்ஸ்; 5 பவுண்ட் மேசையில் 2.5 பென்ஸ். அவர் அங்கேயே ஆடட்டும். ஆனால் பெரும்பாலானவர்கள் அப்படி ஆடுவதில்லை. 1 பவுண்டில் உட்கார்ந்து, அரை மணியில் 5-க்கும் 10-க்கும் ஏறி, அதே 6:5 மேசையிலேயே தங்கிவிடுகிறார்கள். தொகையை 2 பவுண்டாக ஏற்றினாலே கைக்கு 3.8 பென்ஸ், 5 பவுண்ட் மேசையின் இழப்பைத் தாண்டிவிட்டீர்கள்.

பார்க்கும் முறை இது. ஆட்டத்தைத் திறந்ததும் சில்லைத் தொடாதீர்கள். மூலையில் மூன்று கோடுகளோ, கேள்விக்குறியோ, வட்டத்துக்குள் 'ஐ' எழுத்தோ இருக்கும், அதைத் தட்டுங்கள். விதிப் பக்கத்தில் 'ப்ளாக்ஜாக் பேஸ்' (Blackjack pays) என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். 3:2 இல்லையென்றால் வெளியே வாருங்கள். இருந்தால் அடுத்து, டீலர் 'சாஃப்ட் 17'-ல், அதாவது ஏஸை 11 ஆக எண்ணி வரும் 17-ல், நிற்கிறாரா என்று பாருங்கள். நிற்காமல் இன்னொரு சீட்டு எடுத்தால் உங்களுக்கு 0.2 சதவீதம் போல நஷ்டம். அதன் பிறகு ஆர்டிபி என்ற எண், அதாவது வைக்கும் பணத்தில் ஆடுபவருக்குச் சராசரியாகத் திரும்பும் சதவீதம். 99.3, 99.5 என்று இருந்தால் சரி. 98-ஐ ஒட்டி இருந்தால் காரணம் பெரும்பாலும் அந்த 6:5 தான். ஆர்டிபி எண் பிழையில்லாமல் ஆடுபவருக்கானது; உள்ளுணர்வில் ஆடினால் அது உங்கள் எண் அல்ல.

'ஒற்றைக் கட்டு' என்ற விளம்பரத்துக்கு மயங்க வேண்டாம். கட்டு குறைவதால் வரும் நன்மை அரை சதவீதத்தை ஒட்டியது. 6:5 பறிப்பது அதைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

கையின் வேகம்

டீலர் நிற்கும் நிஜ மேசையில் மணிக்கு 60, 70 கை நடக்கும். போனில் கணினி சீட்டு போடும் ஆட்டத்தில் 250 கை சாதாரணம். பிரிட்டனில் 2025 ஜனவரி 17 முதல் ஒரு கைக்குக் குறைந்தது 5 விநாடி ஆக வேண்டும், தானாக ஆடும் பொத்தானும் கூடாது என்று விதி வந்தது இதைப் பார்த்துத்தான். ஆனாலும் 'மறுபடி வை' பொத்தான் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருக்கிறது.

10 பவுண்ட் வீதம், 0.5 சதவீதத்தில், 60 கைக்குச் சராசரி இழப்பு 3 பவுண்ட். 250 கைக்கு 12.50. அதே வேகத்தில் 6:5 மேசையில் 47.50. ஒரே ஆட்டம், ஒரே தொகை, ஒரு மணி நேரம்.

உண்மையான டீலரை வீடியோவில் காட்டும் நேரடி ஒளிபரப்பு மேசை மெதுவாக நகரும். புதியவருக்கு அதையே சொல்வேன்.

'பஸ்ட்' ஆகிவிடுமோ என்ற பயம்

12 வந்தாலே ஸ்டாண்ட் என்று நிற்பவர்கள் நிறைய. 21-ஐத் தாண்டவே கூடாது என்று ஆடினால் கேசினோவின் பங்கு சுமார் 4 சதவீதமாகிறது. டீலரின் திறந்த சீட்டு 10 என்றால் உங்கள் 16 பாவமான கைதான். ஆனால் சரண்டர் (பாதித் தொகையை விட்டுக்கொடுத்து விலகுவது) வசதி இல்லாத மேசையில் ஹிட் செய்வதே குறைவாகத் தோற்கும் வழி. 12-க்கு டீலர் 4, 5, 6 காட்டினால் நில்லுங்கள். 2, 3 காட்டினால் எடுங்கள். ஏஸும் 7-ம் சேர்ந்த 18-ஐ 9, 10, ஏஸுக்கு எதிராக வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். எட்டு ஜோடியை இரண்டு கைகளாகப் பிரியுங்கள், பத்து ஜோடியைப் பிரிக்காதீர்கள். இந்த அட்டவணையை 1956-லேயே பால்ட்வின், கான்டி, மைசல், மக்டெர்மட் என்ற நால்வர் மேசைக் கால்குலேட்டரை வைத்துக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆடும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ள போனில் தடையே இல்லை. நிஜ மேசையைவிட போனில் அது எளிது. அதைத்தான் யாரும் பயன்படுத்துவதில்லை.

இன்சூரன்ஸ்

டீலர் ஏஸ் காட்டும்போது, அவருக்கு ப்ளாக்ஜாக் இருக்கும் என்று தனியாக வைக்கும் பந்தயம் இது. எடுக்காதீர்கள். ஆறு கட்டில் கேசினோவின் பங்கு 7.4 சதவீதம். உங்களுக்கே ப்ளாக்ஜாக் வந்திருக்கும்போது கேட்கும் 'ஈவன் மணி' என்பது இதன் மறுபெயர்.

சீட்டு எண்ணுவது

வெளியே வந்த சீட்டுகளை வைத்து மீதியைக் கணிப்பது இது. கணினி ஆட்டத்தில் ஒவ்வொரு கைக்கும் கட்டு புதிதாகக் கலைக்கப்படுகிறது. எண்ண எதுவுமில்லை.

விரல் தவறி விழும் பக்கப் பந்தயம்

போனை நேராகப் பிடித்தால் முக்கியப் பந்தய வட்டமும் 'பர்ஃபெக்ட் பேர்ஸ்', '21+3' என்ற பக்கப் பந்தய வட்டங்களும் ஒட்டி ஒட்டி வரும். பெருவிரல் இரண்டையும் தொடும். போனைப் படுக்கையாகத் திருப்புங்கள். நேரம் முடியும் முன் மொத்தத் தொகையை ஒரு முறை பாருங்கள். தவறு என்றால் பின்னோக்கி வளைந்த அம்புக்குறி அதை நீக்கும். கூடவே, போன முறை தேர்ந்தெடுத்த 25 பவுண்ட் சில்லு இந்த முறையும் அப்படியே இருக்கக்கூடும்.

ரூலெட்டில் பூஜ்யத்தை எண்ணாமல் விடுவது

சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்பதுதான் ரூலெட் பந்தயம். ஐரோப்பியச் சக்கரத்தில் 37 குழிகள். கேசினோவின் பங்கு 2.70 சதவீதம். அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைப் பூஜ்யத்தோடு 38. ஒற்றை எண்ணுக்குத் தருவது அதே 35 மடங்கு என்பதால் பங்கு 5.26. மூன்று பூஜ்யச் சக்கரத்தில் 7.69. செயலியில் இவற்றின் படங்கள் அருகருகே, ஒரே நிறத்தில் இருக்கும். பெயரை நம்பாமல் சக்கரத்தில் பச்சைக் குழிகளை எண்ணுங்கள். 'லா பார்ட்டாஜ்' விதியுள்ள பிரெஞ்சு மேசை கிடைத்தால், சிவப்பு-கறுப்பு போன்ற பந்தயங்களில் பூஜ்யம் விழும்போது பாதித் தொகை திரும்பும், பங்கு 1.35 ஆகக் குறையும். சில எண்களுக்குப் பரிசைப் பல மடங்காக்கும் மின்னல் பெருக்கிகள் உள்ள லைட்னிங் ரூலெட்டில் பெருக்கி விழாத ஒற்றை எண்ணுக்கு 35 அல்ல, 29 மடங்குதான்.

தோற்றால் இரட்டிப்பது

சிவப்பிலோ கறுப்பிலோ 5 பவுண்டில் தொடங்கி, தோற்கும்போதெல்லாம் இரட்டித்தால்: 5, 10, 20, 40, 80, 160, 320. ஏழு முறை தொடர்ந்து தோற்றால் போனது 635 பவுண்ட். அடுத்து வைக்க வேண்டியது 640. மேசை உச்சவரம்பு 500 என்றால் வழி அடைபட்டது. ஐரோப்பியச் சக்கரத்தில் இப்படி ஏழு தோல்வி வருவது சுமார் 106 தொடர்களில் ஒன்று. போன் வேகத்தில் 106 தொடர்கள் ஒரு மாலையிலேயே கடந்துவிடும். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோவில் கறுப்பு 26 முறை தொடர்ந்து விழுந்தது. 'அடுத்தது சிவப்புதான்' என்று கூட்டம் தொகையை ஏற்றிக்கொண்டே போய்ப் பெரும் பணத்தை இழந்தது. பந்துக்கு முந்தைய சுற்று தெரியாது.

இணைப்பு அறுந்தால்

கணினி ஆட்டத்தில் கை பொதுவாக அப்படியே காத்திருக்கும்; திரும்ப வந்து முடிக்கலாம். நேரடி மேசையில் காத்திருக்காது. நேரம் தீர்ந்தால் பெரும்பாலும் ஸ்டாண்ட் என்று எடுத்துக்கொள்வார்கள், 11-ல் டபுள் (தொகையை இரட்டித்து ஒரே ஒரு சீட்டு எடுப்பது) செய்ய வேண்டிய கையானாலும். ஆடும்போது அழைப்புகளை நிறுத்தி வையுங்கள், ரயிலில் நேரடி மேசை வேண்டாம்.

போனஸ்

போனஸ் பணத்தை எடுக்கும் முன் குறிப்பிட்ட தொகைக்கு ஆட வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். மேசை ஆட்டங்கள் அதில் பெரும்பாலும் ஒரு சிறு பங்கே சேரும், அல்லது சேரவே சேராது. 10 சதவீதமே சேரும் தளத்தில், 500 பவுண்ட் ஆட வேண்டும் என்றால் ப்ளாக்ஜாக்கில் அது 5,000.

வரம்பைத் தோற்ற பிறகு வைப்பது

முதல் பணம் போடும் முன்பே, கணக்கு அமைப்பில் வைப்பு வரம்பை வையுங்கள். குறைத்தால் உடனே அமலாகும். ஏற்ற விரும்பினால் பிரிட்டனில் 24 மணி நேரம் காத்திருந்து மறுபடி உறுதி செய்ய வேண்டும். வரம்பும் போதவில்லை என்றால் தன்னைத்தானே விலக்கிக்கொள்ள உதவும் கேம்ஸ்டாப் என்ற சேவையில் பதிவு செய்யலாம்: 6 மாதம், 1 ஆண்டு, 5 ஆண்டு. பிரிட்டனில் உரிமம் பெற்ற எல்லா இணையத் தளங்களும் சேர்ந்து மூடும். தேர்ந்தெடுத்த காலம் முடியும் முன் நீங்களே கேட்டாலும் திறக்க மாட்டார்கள்.